எழுபத்து மூன்றாவது கட்டம்

பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தபோது ஜெசிந்தா நான்காவது தடவையாக என்டரைத் தட்டினாள். தட்டிய கையை உடனே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இனி அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவள் எழுதிய கம்ப்யூட்டர் நிரல் போய் வரிசையில் நிற்கிறது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஒரே ஒரு வரி, காத்திருக்கிறது என்று. எங்கே காத்திருக்கிறது, எந்த ஊரில், என்ன வெயிலில் அல்லது என்ன குளிரில் என்று அவளுக்குத் தெரியாது. முதல் வாரமே கேட்டுப் பார்த்தாள். "அது எங்கியோ இருக்குதுங்க்கா, நமக்கு ஸ்கிரீன் மட்டுந்தான்" என்றாள் பாடம் நடத்தும் மிருதுளா. இருபத்தைந்து வயது, ஈரோட்டுப் பெண், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடுகிற ஜாதி. பீரோ போல ஒரு கறுப்புப் பெட்டியைப் படத்தில் காட்டி, பேங்க், இன்சூரன்ஸ், ரயில் டிக்கெட் என்று உலகத்தில் பாதி இதற்குள்தான் ஓடுகிறது என்றாள். அந்தப் பெரிய பெட்டிக்குப் பயிற்சிக்காரர்கள் கடைசிப் பந்தி. முக்கியமானவர்கள் எல்லாம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் சோழிங்கநல்லூர் ஆறாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் இந்த இருபத்திரண்டு பேருக்கு இலை போடுவார்கள், அதுவும் ஒரு நேரத்தில் ஒருவருக்கு. பதினைந்து நிமிடம் ஆகலாம், இருபது ஆகலாம். ஒரு மணிக்கு மிருதுளா சுற்றி வருவாள். சரியான பட்டியல் கையில் இருப்பவர்கள் திங்கட்கிழமை அடுத்த பாடத்துக்குப் போவார்கள், மற்றவர்கள் புதிதாக வரும் கூட்டத்தோடு உட்கார்ந்து அ, ஆவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆபீசைப் பொறுத்தவரை அவ்வளவுதான் விஷயம். ஜெசிந்தாவைப் பொறுத்தவரை வேறு ஒரு பந்தயம் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை, கணவன் எட்வினிடம்கூட. இந்த மொழி தலையில் ஏறிவிட்டால் தனக்கு ஒன்றுமில்லை. ஏறாவிட்டால் கைப்பையின் உள் ஜிப்பில் நாலாக மடித்து வைத்திருக்கும் சீட்டை எடுத்து அதிலிருக்கும் நம்பருக்குப் பேச வேண்டும். மறதிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரின் நம்பர். சீட்டு வந்து இரண்டு மாதமாகிறது, ஜிப்பைத் திறக்கும்போதெல்லாம் விரல் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டது.

ஏன் இந்த மொழி என்று சடகோபன் கேட்டார். அவர்தான் மேலாளர். இருபது வருடமாக ஜெசிந்தா செய்துவந்த வேலையை, அதாவது மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிக்கிற வேலையை, இனி மெஷினே செய்துகொள்ளும் என்று கம்பெனி முடிவெடுத்துவிட்டது. புதிதாக ஏதாவது படியுங்கள் என்று ஒரு பட்டியல் நீட்டினார்கள். எல்லோரும் பளபளவென்று இருந்ததை எடுத்துக்கொண்டார்கள். இவள் பட்டியலின் அடியில் கிடந்த, கோபால் என்கிற பழைய கம்ப்யூட்டர் மொழியை எடுத்தாள். "ஏங்க, அதப் போயா? எங்க அப்பா காலத்துது" என்றார். அவள் எதையோ சொல்லிச் சிரித்துவைத்தாள். நிஜக் காரணம் சொன்னால் பைத்தியம் என்பார். அறுபத்தைந்து வருடமாக இந்த மொழியை மெஷின்கள் மறக்கவில்லை. எத்தனையோ மொழிகள் வந்தன, போயின, இது மட்டும் கிடக்கிற இடத்தில் கிடந்து ஓடிக்கொண்டிருக்கிறது, அம்மாவைவிட இரண்டு மூன்று வயது சிறியது, அம்மாவைவிட எவ்வளவு தெளிவாக இருக்கிறது. மறக்காத ஒன்றோடு கொஞ்ச நாள் பழகிப் பார்க்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். எட்வினுக்கு ஒரே கொண்டாட்டம். மேடவாக்கம் வீட்டில் கதவைத் திறக்கும்போதே "என்ன சொன்னாரு உங்க கோபால் சாரு?" என்பான். சொன்னாரே, நிறையச் சொன்னார். முதல் நாளே ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டு அவள் சாப்பாட்டு நேரம் முழுக்க அங்கேயே நின்றாள். மூவ் என்று ஒரு கட்டளை. நகர்த்து. ஆனால் எதுவும் நகர்வதில்லை. இந்தப் பெட்டியில் இருப்பதை அந்தப் பெட்டிக்கு நகர்த்து என்றால் இதிலும் இருக்கிறது, அதிலும் இருக்கிறது. எடுத்த இடம் காலியாவதே இல்லை. அப்புறம் ஏன் நகர்த்து என்று பெயர் வைத்தார்கள்? இருபத்திரண்டு பேரில் இதைக் கேட்டது இவள் ஒருத்திதான். அப்புறம் அந்த எண்கள். எல்லாவற்றையும் குடும்பம் குடும்பமாக அடுக்க வேண்டும், பெரிய தலைக்கு ஒன்று, அதன் கீழே வருவதற்கு ஐந்து, அதற்கும் கீழே பத்து. எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்தவளுக்கு இது தாய்வீடு. குடும்பம், பேரினம், சிற்றினம் என்று ஒரு காலத்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் ஏன் ஒன்று, இரண்டு, மூன்று என்று போகாமல் ஐந்தைந்தாகத் தாவுகிறது? "நடுவுல யாராச்சும் வந்தா எடம் வேணுமில்லீங்க்கா" என்றாள் மிருதுளா. என்றைக்கோ வரப்போகிற யாரோ ஒருவருக்காக இடம் விட்டு உட்காருகிறவர்கள். டவுன் பஸ்ஸில் இப்படி ஒருத்தரைப் பார்த்ததுண்டா? ஜெசிந்தாவுக்கு அந்த முகம் தெரியாத ஆட்கள்மேல் பிரியமே வந்துவிட்டது.

இன்னும் காத்திருக்கிறது. மணி பன்னிரண்டு ஐந்து. ஏசி நேராகக் கழுத்தில் அடித்தது, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டாள். பன்னிரண்டே முக்காலுக்குத் தூத்துக்குடிக்குப் பேச வேண்டும். லூர்து அண்ணன் வீட்டில் அம்மா சாப்பிட்டு முடித்துத் தூங்கப் போவதற்கு முன்னால் பதினைந்து நிமிடம் முழித்திருப்பாள், அந்தப் பதினைந்து நிமிடத்தில் ரெஜினா மதினி போனை அம்மாவின் காதில் வைப்பாள். தினமும் பேசுகிறாள், தினமும் தோற்கிறாள். அம்மா நாந்தாம்மா ஜெசிந்தா பேசுதேன் மெட்ராஸ்ல இருந்து, நேத்துக்கூடப் பேசுனேன்லா, நீ கால் வலிக்குன்னு சொன்னேல்ல, அதுக்கு அண்ணங்கிட்ட ஒரு தைலம் வாங்கச் சொல்லிருக்கேன், வாங்குனானா, தேச்சியா? அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் "யாரோ பேசுதாவ" என்று அம்மா மதினியிடம் சொல்வது கேட்கும். அப்புறம் போனைக் கட்டில்மேல் கவிழ்த்துவிடுவாள். எப்படிப்பட்ட அம்மா! மூன்றாம் வகுப்பு டீச்சர், வருகைப் பதிவேட்டைத் திறக்காமல் அறுபது பிள்ளைகளின் பெயரையும் வரிசை மாறாமல் கூப்பிடுவாள். ஐம்பத்தேழு வயதில், ஓய்வு பெறுவதற்குப் பத்து மாதம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை எழுந்து நின்று அதேபோலத் திறக்காமல் கூப்பிட்டாள். அந்தோணி பாக்கியம், அமலி, ஆரோக்கியசாமி, இசக்கியம்மாள். ஒரு பிள்ளையும் உள்ளேன் சொல்லவில்லை. அவள் கூப்பிட்டது பத்து வருடத்துக்கு முந்தின வகுப்பை. வரிசை மட்டும் மாறவில்லை, அதுதான் கொடுமை, அறுபது பெயரும் அச்சுப் பிசகாமல். எதிரே வேறு அறுபது பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. வாசலில் ஒரு பிள்ளை நிற்கிறது, உள்ளே கூப்பிடுங்கள் என்பாள். யாரும் இல்லை அம்மா என்றால், "கண்ணு முன்னால நிக்கி, இல்லேங்கியளே" என்று அழுவாள். டாக்டர் சொன்னார், வெளியே தெரிந்தது இப்போது, உள்ளே தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். அந்தக் கணக்கை ஜெசிந்தா போட்டுப் பார்க்காமல் இருப்பாளா? ஐம்பத்தேழில் பதினொன்று போனால் நாற்பத்தாறு. இவளுக்கு இப்போது நாற்பத்தாறு. போன மாதம் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்க, பாத்திரத்தை இறக்குவதற்கு அந்த, அந்த, சூடாக இருந்தால் பிடிப்போமே அது, என்று எட்வினிடம் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். இடுக்கி என்ற சொல் வரவே இல்லை. எட்வின் சிரித்தான். பால் முழுக்க அடுப்பில் போயிற்று. அவளுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, இதில் என்னதான் தப்பு? எளிமையான பாடம். எந்த நாட்டிலோ ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் பழைய நிரல், அதில் நடுவே சில வரிகளை மிருதுளா பிடுங்கிவிட்டுக் கொடுத்திருந்தாள், பிடுங்கிய இடத்தை நிரப்ப வேண்டும். நாற்பது பேர் கொண்ட பட்டியல். ஒருவர் அறுபது வயதைத் தாண்டியிருந்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடு, புள்ளி. பிறகு பெயரை அச்சடி, புள்ளி. அந்த முதல் புள்ளி முக்கியம். நட்சத்திரத்துக்கான நிபந்தனை அங்கே முடிகிறது, அச்சடிப்பது எல்லோருக்கும் பொது என்று மெஷினுக்குச் சொல்வது அந்தப் புள்ளிதான். அது இல்லாவிட்டால் அறுபது தாண்டியவருக்கு மட்டும்தான் அச்சடிப்பு என்று அது எடுத்துக்கொள்ளும். ஜெசிந்தாவுக்கு இது நன்றாகத் தெரியும். புள்ளியையும் வைத்திருந்தாள். திரையில் இருக்கிறது, அவள் வைத்த புள்ளி, பச்சையாக, மிளகு மாதிரி. ஆனால் மூன்று தடவையும் பதினோரு பேர்தான் வந்தார்கள். பதினொருவரும் கிழவர்கள், கிழவிகள், ஆளுக்கொரு நட்சத்திரத்தோடு. மிச்சம் இருபத்தொன்பது பேரைக் காணோம். நாற்பத்தாறு வயதுக்காரி ஒருத்தியும் அதில் இருந்தாள், பெயர் வாயில் நுழையவில்லை, அவளையும் காணோம். பெயரையெல்லாம் சரிபார்த்தாள், கோப்பைத் திறக்கும் இடத்தைப் பார்த்தாள், மூடும் இடத்தைப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் வேறெதையோ மாற்றி அனுப்பினாள். புள்ளி இல்லாததுபோலவே மெஷின் நடந்துகொள்கிறது. மிருதுளாவைக் கூப்பிட்டுக் காட்டினால் அரை நிமிட வேலை. பக்கத்து நாற்காலி இம்தியாஸைக் கேட்டாலும் போதும். கேட்கத்தான் வாய் வரவில்லை. இம்தியாஸ், இங்கே ஒரு புள்ளி இருக்கிறதா என்று கேட்டு, அவர் திரையைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, இல்லையே ஜெசிந்தா என்று சொல்லிவிட்டால்? கண் முன்னால் நிற்கிறது, இல்லை என்கிறீர்களே என்று இவளும் அழ வேண்டியதுதான். அதனால்தான் கேட்கவில்லை. 

பன்னிரண்டு பதினொன்றுக்குத் திரை ஒரு முறை இமைத்தது. முடிந்துவிட்டது. அவள் உடனே திறக்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள். மாதாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பட்டியலை இறக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம், பதினொன்று. அதே பதினொரு பேர். கோபம் வரவில்லை, அழுகை வரவில்லை, ஒரு விதமான அலுப்பு வந்தது, பயந்து பயந்து நின்ற கால் கடுத்துப்போன அலுப்பு. தெரிந்துகொண்டுவிட்டால் போதும் என்று ஆகிவிட்டது. இம்தியாஸ் தன் பட்டியலை எப்போதோ முடித்துவிட்டு போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். "இம்தியாஸ், ஒரு நிமிஷம் இங்க பாருங்களேன்" என்றாள், குரல் யாருடையதோ போல இருந்தது. "இந்த வரி முடியுற எடத்துல உங்களுக்கு என்ன தெரியுது?" அவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று கேட்டால் ஜெசிந்தா ஒரு வருடம் என்பாள். "ஏன், புள்ளி வெச்சிருக்கீங்க" என்றார். "இருக்கா?" "இருக்கே. நல்லா குண்டா இருக்கு. என்ன, கண்ணு செக் பண்ணணுமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி கிரிக்கெட்டுக்கு உருண்டு போனார், தான் என்ன கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று தெரியாமல். ஜெசிந்தா மூச்சை விட்டாள். இருக்கிறது. இன்னொருவர் கண்ணுக்கும் தெரிகிறது. அப்படியென்றால், என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள், நாலு மணி நேரமாகத் தன்னையே குடைந்துகொண்டிருந்த கேள்வி முதல் தடவையாகத் திரும்பி மெஷினைப் பார்த்தது. எனக்குத் தெரிகிறது, இம்தியாஸுக்குத் தெரிகிறது, உனக்கு ஏன் தெரியவில்லை?

கேட்டவுடன் அவளுக்கு அந்த கே.எஸ்.வி. ஞாபகம் வந்தார். நிரலின் வலது ஓரத்தில், ஒவ்வொரு வரிக்கும் கடைசியில், கொஞ்சம் தள்ளி, ஆங்கிலத்தில் அந்த மூன்று எழுத்தும் நாலு எண்ணும் இருந்தன. கே.எஸ்.வி., பூஜ்யம் ஏழு, தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றொன்றாம் வருடம் ஜூலையில் கே.எஸ்.வி. என்கிற யாரோ இந்த வரிகளைத் தொட்டிருக்கிறார்கள். அன்றைக்கு ஜெசிந்தா பள்ளிக்கூடத்தில் இருந்தாள், அம்மா அறுபது பெயரையும் சரியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதல் வாரத்திலிருந்தே அந்த எழுத்துகளை அவள் ரசித்துக்கொண்டு வந்தாள். கும்பகோணம் சீனிவாசனா, கேத்தரின் யாரோவா, ஆணா, பெண்ணா, இப்போது இருக்கிறாரா? "அதெல்லாம் பழைய ஆளுங்க போட்டுக்கிற குறிங்க்கா, யாரு மாத்துனா, எப்ப மாத்துனான்னு. விட்டுருங்க, மெஷின் அதைப் படிக்கவே படிக்காது" என்றிருந்தாள் மிருதுளா. மெஷின் அதைப் படிக்காது. அன்று இது காதில் விழுந்து சும்மா கிடந்தது. இப்போது எழுந்து நின்றது. படிக்காது என்றால் எப்படிப் படிக்காது? கே.எஸ்.வி. என்பது மனிதர் பெயர், நட்சத்திரம் போடு என்பது கட்டளை என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரியாது, அதற்கு ஒன்றுமே தெரியாது. ஒரு எல்லை வைத்திருக்கிறது, அவ்வளவுதான். எல்லைக்கு இந்தப் பக்கம் எழுதியதைப் படிக்கும், அந்தப் பக்கம் எழுதியதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எல்லை எங்கே? கே.எஸ்.வி. தொடங்குகிற இடத்தில். ஜெசிந்தா விரலைத் திரையில் வைத்தாள். திரையைத் தொடக்கூடாது என்று சுவரில் ஒட்டியிருக்கிறது, ஒட்டியிருக்கட்டும். மேல் வரியின் கே எழுத்திலிருந்து நேராகக் கீழே இறக்கினாள். விரல் அவளுடைய புள்ளியின் மேல் வந்து நின்றது. அதையும் தாண்டிக் கீழே இறக்கினாள், அடுத்த வரியின் கே. மேல் கே, கீழ் கே, இரண்டுக்கும் நடுவே, அதே நேர்கோட்டில், அவள் புள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம். கட்ட எண்ணைக் காட்டும் அளவுகோலைத் திரையில் வரவழைத்துப் பார்த்தாள். அவள் வரியின் கடைசி எழுத்து எழுபத்திரண்டாவது கட்டத்தில். புள்ளி எழுபத்து மூன்றில்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். முன் வரிசையில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாம் இந்த நீள வாயால் வந்தது. மற்றவர்கள் பெட்டிகளுக்கு மூன்றெழுத்து, நாலெழுத்தில் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள், இவள் அறுபதைக் கடந்தவருக்கான அடையாளம் என்று முழுசாக வைத்தாள், அது போய்ச் சேரும் பெட்டிக்கும் அதே அளவு நீளத்தில் ஒன்று, இரண்டும் இருபத்து நான்கு எழுத்து. ஒரே வரியில் இரண்டையும் எழுதினால் வரி எல்லைக்கல்லில் போய் முட்டாமல் என்ன செய்யும்? புள்ளி ஒன்றுதான் வெளியே விழுந்தது, அதுவே அதிசயம். சிரித்துக்கொண்டே நோட்டைப் புரட்டினாள், இந்த எல்லை ஏன் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று. இரண்டாம் நாள் பக்கத்தில், அவளுடைய கையெழுத்தில், இரண்டு கோடு போட்டு, ஏற்கெனவே எழுதியிருந்தது: எழுபத்திரண்டோடு சரி. அந்தக் காலத்தில் அட்டையில் துளை போட்டு நிரல் எழுதினார்கள், அட்டைக்கு எண்பது கட்டம், கடைசி எட்டு அட்டையின் வரிசை எண்ணுக்கு, கட்டு கீழே விழுந்து சிதறினால் அடுக்கிக்கொள்வதற்கு. மெஷின் அந்த எட்டைப் படிக்காது. சிரிப்பு நின்றது. மிருதுளா சொல்லியிருக்கிறாள், இவள் கேட்டிருக்கிறாள், கோடு போட்டிருக்கிறாள், பதினெட்டு நாளில் அழிந்துபோயிருக்கிறது. சிதறின அட்டைக் கட்டு கண்ணில் வந்தது, அந்தோணி பாக்கியம், அமலி, ஆரோக்கியசாமி. "இம்தியாஸ், எழுபத்திரண்டுக்கு மேல எழுதக்கூடாதுன்னு மிருதுளா சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள், இந்தத் தடவை குரல் அவளுடையதாகவே இருந்தது. "அப்படியா? எப்ப சொன்னாங்க?" என்றார் அவர், கண்ணை போனிலிருந்து எடுக்காமல். "ரெண்டாவது நாள்." "ரெண்டாவது நாள் நான் சாப்பிட்டது என்னன்னே ஞாபகம் இல்ல." முப்பத்தெட்டு வயது ஆள், ஆரோக்கியமாக, எந்தச் சீட்டும் இல்லாமல், எவ்வளவு சுகமாக மறந்திருக்கிறார்! சாதாரணமாக மறப்பது என்று ஒன்று உண்டு என்பதையே ஜெசிந்தா இத்தனை நாள் மறந்திருந்தாள். அவர் மறந்தார், தானும் மறந்தாள், ஆனால் மறந்ததை இன்னொரு வழியாகப் போய்த் தானே கண்டுபிடித்துவிட்டாளே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நல்ல கணக்கில்தான் என்று முடிவுகட்டினாள், உறுதியாகத் தெரியாவிட்டாலும்.

வரியை உடைத்தாள். அதற்கு மெஷினிடம் ஆட்சேபமே கிடையாது, ஒரு வாக்கியத்தைப் பத்து வரியாக எழுதினாலும் வாங்கிக்கொள்ளும், எல்லைக்குள் எழுதினால் போதும். பாதியை மேலே விட்டு, மீதியை அடுத்த வரிக்கு இறக்கி, புள்ளியை உள்ளே கொண்டுவந்து வைத்தாள். என்டரைத் தட்டப் போனவள் நின்றாள். வலது ஓரத்தில், கே.எஸ்.வி.க்கும் கே.எஸ்.வி.க்கும் நடுவே, இவளுடைய இரண்டு வரிகளுக்கு மட்டும் கட்டங்கள் காலியாக இருந்தன, யாரும் உட்காராத நாற்காலிபோல. யாரும் போடச் சொல்லவில்லை. போட்டாள். எழுபத்து மூன்றாவது கட்டத்தில் தொடங்கித் தன் பெயரின் மூன்று எழுத்து, மாதம், வருடம். மெஷின் படிக்காது. இன்னும் முப்பது வருடம் கழித்து எந்த ஊரிலோ ஒருத்தி இதைப் பார்த்து, யார் இது, ஆணா, பெண்ணா, இருக்கிறாளா என்று யோசிப்பாள், அதற்குப் போதும். அப்புறம் அனுப்பினாள். காத்திருக்கிறது என்று பச்சையில் வந்தது. பன்னிரண்டு இருபத்தாறு. இந்தக் காத்திருப்பு முந்தினதைவிட லேசாக இருக்கும் என்று நினைத்தாள், இல்லை, இது ஆசையும் சேர்ந்த காத்திருப்பு, அது இன்னும் மோசம். எழுந்து கழிப்பறை வரை போய்விட்டு வந்தாள். எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தால்தான் காதில் விழும். இந்த எண்ணத்தை அவள் கூப்பிடவில்லை, அதுவாகத்தான் வந்து உட்கார்ந்தது. அம்மாவிடம் எவ்வளவு நீளமாகப் பேசுகிறேன். தைலத்தையும் அண்ணனையும் நேற்றையும் ஒரே மூச்சில் கட்டி அனுப்புகிறேன். அம்மாவுக்கு எத்தனையாவது கட்டத்தோடு சரி? பத்தா, பன்னிரண்டா? ஒரு தடவையாவது அளந்து பார்த்தேனா? அம்மா என்ன மெஷினா என்று உடனே தன்னைத் திட்டிக்கொண்டாள். ஆனால் திட்டு நிலைக்கவில்லை, கேள்விதான் நின்றது.

பன்னிரண்டு நாற்பத்து மூன்றுக்குத் திரை இமைத்தது. இந்தத் தடவை உடனே திறந்தாள். இறக்கினாள், இறக்கினாள், வந்துகொண்டே இருந்தார்கள். நட்சத்திரம் வைத்தவர்களும் வைக்காதவர்களும், வாயில் நுழையாத அந்த நாற்பத்தாறு வயதுக்காரியும், கடைசியாக நாற்பதாவது ஆள். ஒரு மணி ஆவதற்கு முன்பே மிருதுளா கண்ணாடியைத் தலையில் தேடிக்கொண்டு சுற்றி வந்தாள். எட்டிப் பார்த்து எண்ணினாள். "சூப்பருங்க்கா" என்றாள். வலது ஓரத்தைப் பார்த்து, "அட, குறியெல்லாம் போட்டுருக்கீங்க!" என்று சிரித்துத் தன் தாளில் ஜெசிந்தாவின் பெயருக்கு நேரே ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனாள். ஜெசிந்தா கைப்பையோடு மாடிப்படிப் பக்கம் போனாள், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். போனை எடுப்பதற்கு ஜிப்பைத் திறந்தபோது சீட்டு விரலில் பட்டது. கிழிக்கவில்லை. ஒருநாள் பேசத்தான் வேண்டும், இன்றைக்கு வேண்டாம். மதினி எடுத்தாள். "இப்பத்தான் சாப்புட்டு ஒக்காந்துருக்காவ. குடுக்கேன், இரு" என்றாள். மூச்சுச் சத்தம் கேட்டது. ஜெசிந்தா வாயைத் திறந்தாள், நாந்தாம்மா ஜெசிந்தா மெட்ராஸ்ல இருந்து என்று முழு வண்டியும் வரிசையாக நின்றது. எல்லாவற்றையும் நிறுத்தி ஒன்றை மட்டும் விட்டாள்.

"சாப்ட்டியாம்மா?"

மூச்சு. அவள் வேறெதையும் சேர்க்காமல் நின்றாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

"சாப்ட்டேன்" என்றாள் அம்மா.

"என்ன கொழம்பு?"

"மீனு."

"என்ன மீனு?"

"சாளை." பிறகு அம்மாவே, யாரும் கேட்காமல், "முள்ளு நெறய" என்றாள். எத்தனை மாதமாயிற்று அம்மா இப்படி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசி. ஜெசிந்தா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க யாரு?" என்று அம்மா கேட்டாள், பெற்றோரைக் கேட்கிற டீச்சர் குரலில்.

"ஜெசி."

"ஜெசி வீட்ல இல்ல. பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கா."

இல்லம்மா, நாந்தான் ஜெசி, எனக்கு நாற்பத்தாறு வயசாச்சு என்று சொல்ல வந்த வாய் பாதியில் நின்றது. ஆறாவது மாடியில், இருபத்திரண்டு பேர் வகுப்பில், நோட்டில் இரண்டு கோடு போட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருப்பது வேறு யார்?

"ஆமாம்மா. பள்ளிக்கூடத்துலதான் இருக்கா."

"நல்லாப் படிக்காளா?"

கண்ணில் பொங்கியதைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

"படிக்காம்மா" என்றாள் ஜெசிந்தா. "நல்லாப் படிக்கா."